கொழும்பில் உள்ளக ஓடுபாதை இல்லை. ஆசிய உள்ளகப் போட்டிக்கு இங்கிருந்தே தயாராவது எப்படி?

சுகததாச உள்ளரங்கின் கூரையைக் காட்டி, "அங்க போய்ப் பழகலாமே சேர்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. அங்கே இருப்பது கரப்பந்துக்கும் பூப்பந்துக்குமான தளம். பிள்ளை ஓட வேண்டிய 200 மீற்றர் வளையம் அங்கே இல்லை. பக்கத்திலுள்ள சுகததாச விளையாட்டரங்கில் இருப்பது வழமையான 400 மீற்றர் ஓடுபாதை. தியகம விளையாட்டரங்கிலும் அதுதான். ஆக, ஆசிய உள்ளக மெய்வல்லுநர் போட்டிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் உள்ளக வளைவொன்றைக் கண்ணால் காண்பதே போட்டிக்கு முந்தின நாள்தான்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வரும் பிள்ளைகளைப் பல வருடமாகப் பழக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் குறையை முழுதாகத் தீர்க்க முடியாது. ஆனால் எட்டுக் கிழமை முறையாகச் செலவழித்தால் முக்கால்வாசி சமாளிக்கலாம். அந்த எட்டுக் கிழமையில் எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்பதில்தான் நாங்கள் வழக்கமாகப் பிழை விடுகிறோம். எல்லோரும் வேகத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வளைவுக்கு யாரும் கொடுப்பதில்லை.

போட்டி எப்படிப்பட்டது

முதலாவது ஆசிய உள்ளகச் சம்பியன்ஷிப் 2004இல் தெஹ்ரானில் நடந்தது. பிறகு பட்டாயா, தோஹா, ஹாங்சௌ என்று சுற்றி வந்து, 2023இல் அஸ்தானா, 2024இல் மீண்டும் தெஹ்ரான், 2026இல் தியான்ஜின். பெப்ரவரியை ஒட்டித்தான் பெரும்பாலும் நடக்கும். கொழும்பில் பாதை கொதிக்கிற மாதம் அது. அஸ்தானா, தியான்ஜின் போன்ற ஊர்களில் பல்லுக் கிட்டுகிற குளிர். இதைப் பிறகு பார்ப்போம்.

வளையம் 200 மீற்றர், அனேகமாக ஆறு லேன். நடுவே 60 மீற்றர் நேர்ப்பாதை, அதில் எட்டு லேன். ஈட்டி, தட்டு, சம்மட்டி மூன்றும் இல்லை. 100 மீற்றருக்குப் பதிலாக 60. சட்டவேலி ஓட்டமும் 60தான், அதில் ஐந்தே ஐந்து வேலிகள். 400 என்றால் இரண்டு சுற்று, 800 நான்கு, 1500 ஏழரை, 3000 பதினைந்து. ஆண்களுக்கு ஏழு நிகழ்ச்சிப் போட்டியும் பெண்களுக்கு ஐந்து நிகழ்ச்சிப் போட்டியும் உண்டு. சர்வதேச ஆவணங்களில் இப்போது 'ஷோர்ட் ட்ரக்' என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். உலக மெய்வல்லுநர் அமைப்பு 200 மீற்றர் வளையத்துக்கு வைத்திருக்கும் புதுப் பெயர் அது.

பெயர் எப்படிப் போகும்

தனியாக விண்ணப்பித்துப் போகிற போட்டி இல்லை இது. இலங்கை மெய்வல்லுநர் சங்கம் தெரிவு செய்து அனுப்ப வேண்டும். 1973ஆம் ஆண்டு 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி, நாட்டின் பெயரில் போகும் அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதியும் தேவை. அதனால் பெயர் உறுதியாவதும் பயண நாளும் நெருக்கமாகவே வந்து விழும். கடவுச்சீட்டை அதுவரை தள்ளிப் போடாதீர்கள். பத்தரமுல்லைக்கு ஒரு நாள் போய் வருகிற வேலையை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

சேர் ஜோன் டார்பட், அகில இலங்கைப் பாடசாலைப் போட்டி, கனிஷ்ட தேசிய, தேசிய என்று எதில் ஓடினாலும் இலத்திரனியல் நேரம் பதிந்த பெறுபேற்றுத் தாளின் படியொன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கை மணிக்கூட்டு நேரத்தை வைத்துக் கனவு காண வேண்டாம். குறுந்தூரத்தில் கை நேரத்தோடு 0.24 செக்கனைக் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றரை 10.6இல் ஓடின தம்பி, வெளியுலகத்துக்கு 10.84 ஓடினவர்.

வளைவு

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சுகததாசவில் உள்லேனின் வளைவு ஆரை 36.5 மீற்றர். உள்ளக வளையத்தில் சுமார் 17 மீற்றர், அதாவது பாதிக்கும் குறைவு. 60 கிலோ எடையுள்ள ஒரு பையன் செக்கனுக்கு 9 மீற்றர் வேகத்தில் வருகிறான் என்று வையுங்கள். சுகததாசவில் அவனை வெளியே தள்ளும் இழுப்பு கிட்டத்தட்ட 13 கிலோ பாரத்துக்குச் சமம். உள்ளகத்தில் அதே வேகத்தில் 28 கிலோவைத் தாண்டும். ஒரு சுற்றில் இரண்டு தடவை, 400 மீற்றரில் நான்கு தடவை, யாரோ அவன் தோளைப் பிடித்து வெளியே இழுப்பது போல இருக்கும். வளைவுக்கும் வளைவுக்கும் இடையில் நிமிர்ந்து ஓடக் கிடைப்பது ஐந்து செக்கனுக்கு மேல் இல்லை.

இதற்காகத்தான் வளைவைச் சரித்துக் கட்டுகிறார்கள். விதிப்படி 15 பாகைக்கு மேல் போகக்கூடாது. 10 பாகை அளவே வழக்கம். சரிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். இந்த ஆரையில் 10 பாகைச் சரிவு முழுதாகச் சமன் செய்வது செக்கனுக்கு ஐந்தரை மீற்றர் வேகத்தை மட்டும். அதற்கு மேலான ஒவ்வொரு மீற்றருக்கும் உடம்பே சாய வேண்டும்.

வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை மணலில் கடலை இடப்பக்கம் வைத்து வடக்கே ஓடினால், இடக்கால் பள்ளத்திலும் வலக்கால் மேட்டிலும் விழும். உள்ளகச் சரிவும் அப்படித்தானே, அதில் பழகலாம் என்று ஒரு யோசனை இங்கே வருடாவருடம் கிளம்பும். செய்யாதீர்கள். உள்ளகச் சரிவு, வளைந்து ஓடும்போது எழும் இழுப்புக்கு எதிராகக் கட்டினது. நேராக ஓடும் கடற்கரையில் அந்த இழுப்பே இல்லை. சரிவு மட்டும் மிஞ்சி கணுக்காலையும் இடுப்பையும் கோணலாக்கிவிடும்.

செய்ய வேண்டியது வேறு. புல் மைதானமொன்றில் ஒரு முளை அடித்து, 17 மீற்றர் 20 சென்ரிமீற்றர் ஆரையில் அரைவட்டம் கீறுங்கள். சுண்ணாம்புத் தூள் போதும். கயிறு நைலோனாக இருக்கக்கூடாது. நான் முதன்முதலில் கீறினது வட்டமாக வரவில்லை, முட்டையாக வந்தது. கயிற்றின் நுனியைப் பிடித்து நடந்த பிள்ளை இழுக்க இழுக்கக் கயிறும் அரை மீற்றர், முக்கால் மீற்றர் என்று நீண்டுகொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. அளவு நாடாவாலேயே கீறுங்கள். அரைவட்டத்தின் நீளம் 54 மீற்றர் வரும். இரு பக்கமும் இருபது மீற்றர் நேர்கோடு சேர்த்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைவதும் வெளியே வருவதும்தான் வளைவை விடக் கஷ்டம்.

இந்தத் தட்டை வட்டத்தில் முழு வேகம் கூடாது. புல் வழுக்கும், இடது கணுக்கால் தாங்காது. ஆண் பிள்ளைகள் அந்த 54 மீற்றரை ஏழரைச் செக்கனுக்குக் குறைத்து ஓட வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு எட்டரை. கிழமையில் இரண்டு நாள், நாளுக்கு ஆறிலிருந்து எட்டு ஓட்டம், நடுவே நன்றாக ஓய்வு. உடம்பைச் சூடாக்கும் மெதுவோட்டத்தை மட்டும் வலஞ்சுழியாகவும் ஓடவிடுங்கள், ஒரே காலில் எல்லாப் பாரமும் ஏறாமல் இருக்க.

எதைப் பார்ப்பது? பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளைவு முடியும் இடத்தில், பிள்ளை உங்களை நோக்கி வருகிற மாதிரி நில்லுங்கள். கணுக்காலிலிருந்து உச்சந்தலை வரை ஒரே கோடாகச் சாய்ந்திருக்க வேண்டும். இடுப்பில் மடிந்து, தலையை மட்டும் உள்ளே சரித்து ஓடினால் பிழை. முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் ஓடுவார்கள். இடக்கை விலாவோடு ஒட்டிச் சின்னதாக அசையும். வலக்கை கொஞ்சம் பெரிதாக வீசி, நெஞ்சுக்குக் குறுக்கே வரலாம். காலடி நேர்ப்பாதையை விடக் குறுகி, எண்ணிக்கை கூட வேண்டும். பார்வை காலடிக் கோட்டில் ஒட்டிக்கொள்ளக்கூடாது. வளைவு எங்கே திறக்கிறதோ அங்கே போக வேண்டும். "கோட்டைப் பார்க்காதே, வாசலைப் பார்" என்று நான் கத்துவேன். வேறெதையும் அந்த நேரத்தில் கத்துவதில்லை; ஓடுகிற பிள்ளைக்கு ஒரு வசனத்துக்கு மேல் காதில் ஏறாது.

கோட்டைப் பற்றிய விதியும் தெரிந்திருக்க வேண்டும். லேனில் ஓடும்போது வளைவில் உள்கோட்டை ஒரு தடவை மிதித்தால் இப்போது மன்னிப்பு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு அடுத்த சுற்றுக்கும் கூடவே வரும். தகுதிச் சுற்றில் ஒன்று, இறுதியில் ஒன்று என்றால் ஆள் வெளியே.

400: முதல் சுற்றிலேயே முடிகிற ஓட்டம்

உள்ளக 400இல் முதல் இரண்டு வளைவும் சொந்த லேனில். இரண்டாவது வளைவு முடிகிற இடத்திலுள்ள கோட்டைக் கடந்ததும் எல்லோரும் உள்ளே இறங்கலாம். அந்தக் கோட்டை யார் முதலில் கடக்கிறாரோ, அனேகமாக அவரே கடைசியிலும் முன்னால் நிற்பார். காரணம் எளிது. வளைவில் முந்த வேண்டுமானால் ஒரு லேன் வெளியே போக வேண்டும். ஒரு வளைவுக்கு அது கிட்டத்தட்ட 3 மீற்றர் கூடுதல் ஓட்டம். நேர்ப்பகுதியிலோ நேரம் போதாது.

எங்கள் பிள்ளைகள் பழகியிருப்பது "முதல் 200 அடக்கி ஓடு, கடைசி 100இல் பார்ப்போம்" என்ற பாடம். அந்தப் பாடத்தை டிசம்பரிலேயே மறக்கவிடுங்கள். சுகததாசவில் 180 மீற்றர், 220 மீற்றர் ஓட்டங்களை இரண்டு மூன்று பேராக விட்டு, 180இல் ஒரு கூம்பு வைத்து, "அந்தக் கூம்புக்கு முதலாவதாக வருபவர் உள்லேனை எடுக்கலாம்" என்று விளையாட்டாக்குங்கள். தோளோடு தோள் உரசுகிற பழக்கமும் அதில் வந்துவிடும். வெளியரங்கில் தனி லேனில் வளர்ந்த பிள்ளை முதல் உரசலிலேயே காலை இழுத்துக்கொள்ளும்.

நேரம் கூடினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானோருக்கு வெளியரங்க நேரத்தை விட ஒரு செக்கனளவு கூடும். பெண்களுக்கான 400 உலக சாதனையே வெளியே மரீட்டா கொக்கின் 47.60, உள்ளே ஃபெம்கே போல் 2024இல் கிளாஸ்கோவில் ஓடிய 49.17. லேன் கிடைப்பதும் ஒரு காரணம். வெளியே நடு லேன்களுக்கு அடிபடுவார்கள். இங்கே ஐந்தும் ஆறும்தான் தங்கம். ஒன்றாம் லேன் கிடைத்தால் அன்று நல்ல நேரத்தை எதிர்பார்க்காமல் இடத்துக்கு மட்டும் ஓடச் சொல்லுங்கள்.

800க்கு இரண்டு வரி: பின்னால் தூங்கிவிட்டுக் கடைசிச் சுற்றில் எழும்பலாம் என்பது நான்கு சுற்று ஓட்டத்தில் நடக்காது. மூன்றாவது சுற்று தொடங்குமுன் முதல் இரண்டு பேருக்குள் வந்துவிட வேண்டும்.

60: ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

கிறிஸ்டியன் கோல்மன் 2018இல் ஓடிய 6.34 உலக சாதனை. இதை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், ஏழு எண்ணுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். பிழையைத் திருத்த இடமே இல்லை. எனவே எட்டுக் கிழமையும் புறப்பாடுதான்: கிழமைக்கு மூன்று நாள், 20, 30, 40 மீற்றர் ஓட்டங்கள், 60 முழுதாக கிழமைக்கு ஒரு தரம் போதும். தவறான புறப்பாடு ஒன்றுக்கே வெளியேற்றம். வெடிச் சத்தத்துக்குப் பின் 0.100 செக்கனுக்குள் அசைந்தாலும் அது தவறுதான்.

மூடிய மண்டபத்தில் சத்தம் எதிரொலிக்கும். பக்கத்து நிகழ்ச்சிக்குக் கைதட்டுவார்கள், அறிவிப்பு போய்க்கொண்டிருக்கும். திறந்த மைதானத்து அமைதியில் பழகின பிள்ளை அங்கே தடுமாறும். பாடசாலைப் பிரதான மண்டபம் மழை நாளில் சும்மா கிடந்தால் அதற்குள் கொண்டுபோய், இரண்டு பலகைத் துண்டை ஒன்றோடொன்று அடித்து, மற்றப் பிள்ளைகளைக் கூச்சல் போடவிட்டுப் புறப்பாடு பழக்குங்கள். சப்பாத்து போட்டு ஐந்து மீற்றர் மட்டும். ஸ்பைக்கோடு மண்டபத்துக்குள் போனால் அதிபருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி நிற்பது. 60 கோட்டுக்கு அப்பால் கொஞ்ச தூரத்திலேயே மெத்தை வைத்த சுவர். அதைக் கண்ட பிள்ளை கடைசிப் பத்து மீற்றரில் தன்னையறியாமல் தளர்ந்துவிடும். நூறில் இரண்டு மூன்று செக்கன் அங்கேதான் காணாமல் போகிறது. உயரம் பாய்தல் மெத்தையை 60 கோட்டிலிருந்து 15 மீற்றர் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். கோட்டை முழு வேகத்தில் கடந்த பிறகு இடுப்பைத் தாழ்த்தி, குறுகிய காலடியில் வேகத்தைக் கொன்று, உள்ளங்கையை மெத்தையில் ஊன்றி நிற்கப் பழக்குங்கள். பத்துத் தடவையில் பயம் போய்விடும்.

பாய்தலும் எறிதலும்

உயரம் பாய்பவர்களுக்கு உள்ளகம் சொர்க்கம்: காற்றில்லை, மழையில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்தில் எப்படிப்பட்ட தரையில் பாய்ந்து பழகியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தால், இன்றைய பிள்ளைகள் குறை சொல்லமாட்டார்கள். குண்டின் எடை மாறாது, ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. தளம் உடையாமலிருக்க மெத்தென்ற உறை போட்ட குண்டு சில இடங்களில் தருவார்கள். கையில் அது கொஞ்சம் பெரிதாகப் படும். கோலூன்றிப் பாய்பவர்களுக்குத்தான் தலையிடி, அதுவும் மைதானத்தில் இல்லை, கட்டுநாயக்கவில். நான்கு மீற்றருக்கு மேல் நீளமான கோலை ஏற்ற விமான சேவையின் சம்மதத்தை எழுத்தில், பயணத்துக்கு வெகு முன்னரே எடுத்துக் கையில் வைத்திருங்கள். கவுண்டரில் நின்று கெஞ்சுவது பாய்வதை விடக் களைப்பு.

ஸ்பைக் ஊசி

இதற்குத் தனித் தலைப்பு போடக் காரணம் இருக்கிறது. விதிப்படி செயற்கைத் தளத்தில் ஊசி 9 மில்லிமீற்றர் வரை இருக்கலாம், உயரம் பாய்தலுக்கு 12. ஆனால் உள்ளக அரங்குகள் பல தங்கள் தளத்தைக் காப்பாற்ற 6க்கு மேல் விடுவதில்லை. ஒரு தடவை வெளியூர் அரங்கொன்றில், ஓட்டத்துக்கு முந்தின சோதனை மேசையில் அலுவலர் சின்ன உலோக அளவுத் துண்டொன்றை எங்கள் தங்கச்சியின் சப்பாத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எல்லாமே 9. ஊசி கழற்றும் சாவி தங்குமிடத்துப் பையில். முன்பின் தெரியாத நாட்டுப் பயிற்றுநர் ஒருவரிடம் கைச்சாடையில் சாவியும் பழைய ஊசிகளும் வாங்கி, நான் ஒரு சப்பாத்து, பிள்ளை ஒரு சப்பாத்து என்று தரையில் குந்தியிருந்து மாற்றினோம். ஓட்டத்துக்கு முன் மனதை அடக்க வேண்டிய இருபது நிமிடம் அதில் போனது. 6 மில்லிமீற்றர் ஊசி இரண்டு தொகுதி, சாவி இரண்டு. ஒன்று பிள்ளையின் பையில், ஒன்று உங்கள் சட்டைப்பையில். துருப்பிடித்து இறுகின ஊசியைக் கொழும்பிலேயே கழற்றிப் பார்த்துவிடுங்கள். அடித்தட்டின் தடிப்பு 20 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட சப்பாத்துக்கு இப்போது மைதான, ஓட்ட நிகழ்ச்சி எதிலும் இடமில்லை.

குளிர், இருமல், மருந்து

வெளியே குளிர், உள்ளே சூடாக்கி உலர்த்தின காற்று. எங்கள் ஈரக்காற்றுக்குப் பழகின நெஞ்சு 400 ஓடி முடித்ததும் வறட்டு இருமல் இருமும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தானாக அடங்கும். பயந்துபோய்க் கையில் கிடைத்த இருமல் பாணியைக் கொடுத்துவிடாதீர்கள். தடிமன், மூக்கடைப்பு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபெட்ரின் போட்டி நாளில் அளவு மீறினால் ஊக்கமருந்துக் குற்றம். ஆஸ்துமாவுக்கு சல்பியூட்டமோல் பம்ப் பாவிக்கும் பிள்ளைக்கு 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம் எல்லை, எந்த 8 மணித்தியாலத்திலும் 600க்கு மேல் கூடாது. வைத்தியரின் கடிதத்தோடு இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடம் முதலே கேட்டுத் தெளிவாகுங்கள். அம்மம்மா கட்டித் தந்த சூரணப் பொட்டலமும் இதில் அடக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

ஓட்டத்துக்கு முன் பெயர் சரிபார்க்கும் அழைப்பு அறையில் இருபது நிமிடமாவது உட்கார்த்தி வைப்பார்கள். சூடாக்கின உடம்பு ஆறிப்போகும். இதைக் கொழும்பில் பழகலாம்: உடம்பை நன்றாகச் சூடாக்கி, ஏசி போட்ட வானிலோ அறையிலோ இருபது நிமிடம் இருத்தி, இறங்கின கையோடு நான்கு துள்ளல், இரண்டு புறப்பாடு, உடனே ஓட்டம். இரண்டாவது தடவையே பிள்ளை தானாகக் கையுறையும் தடித்த காற்சட்டையும் கேட்கும்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். சத்துமா, அவல், வழமையான பிஸ்கட் கொண்டுபோங்கள். சைவப் பிள்ளையென்றால் இது இன்னும் முக்கியம்.

அங்கே இறங்கின பிறகு

பயிற்சி நேரம் கொடுத்தவுடன் ஓட விடாதீர்கள். முதலில் சரிவின் மேல் ஆறாம் லேனில் நடக்க விடுங்கள். உள்ளே விழுவது போலிருக்கும், சிரிப்பார்கள். பிறகு மெதுவோட்டம், பிறகு முக்கால் வேகம். வேகம் கூடக் கூடச் சரிவு மறைந்து தரை நேராகிவிட்டது போன்ற உணர்வு ஒரு கட்டத்தில் வரும். "சேர், இப்ப சரியா இருக்கு" என்று பிள்ளை தானாகச் சொல்லும் வரை வளைவு மட்டும் ஓடட்டும். அதற்குப் பிறகு மூன்று புறப்பாடு, வளைவில் வைத்த பிளாக்கிலிருந்து (புறப்படும்போது காலை ஊன்றும் கட்டை). பிளாக்கை உள்கோட்டை நோக்கித் திருப்பி வைத்தால் முதல் சில காலடி நேராகப் போகும். அவ்வளவோடு நிறுத்துங்கள்.

திரும்பி வந்ததும் ஏப்ரல் போட்டிகளை நினைத்து அடுத்த நாளே சுகததாசவுக்கு ஓட வேண்டாம். ஒரு கிழமைக்கு வளைவே கூடாது, புல்லில் நேர் ஓட்டம் மட்டும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது இடது கணுக்காலின் வெளிப்பக்கம் நோகிறதா என்று ஒவ்வொரு நாளும் கேளுங்கள். நோகிறது என்றால் இன்னொரு கிழமை.